பிரசவ ஃபைலைப் பத்திரமாக வையுங்கள்
வாசகியர் கேள்விகள்: பெண்களும் இதயநோயும்

கேள்வி: எனக்கு வயது 41. முதல் பிரசவத்தின்போது பிரஷர் ஏறி, 33 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. அதை இனி நினைத்துக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டாம், ஆனால் மறந்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் பிரஷர் ஏறியதோடு சிறுநீரில் புரதம் வெளியேறியிருந்தாலோ, சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டிருந்தாலோ அது ப்ரீஎக்லாம்சியா. இது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்களைப் போலக் குறைமாதத்தில் பிரசவமானவர்களுக்கு அது இன்னும் கூடும்.

சிக்கல் எங்கே என்றால், பிரசவம் பார்த்த டாக்டருக்குத் தெரிந்த இந்த விஷயம், பத்து வருடம் கழித்து நீங்கள் போகும் டாக்டருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் அவரும் கேட்பதில்லை. பழைய ஃபைலைத் தேடி எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள்: எந்த வாரத்தில் பிரஷர் ஏறியது, அதிகபட்சம் எவ்வளவு, சிறுநீரில் புரதம் இருந்ததா, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததா, எந்த வாரத்தில் பிரசவம், குழந்தையின் எடை என்ன. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தாலும், முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் இருந்தாலும், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்திருந்தாலும் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தப் பரிசோதனை பரம்பரையாக வரும் இதயநோய் அபாயத்தைக் காட்டுவது. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் பெரும்பாலும் போதும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கு இன்னொன்று: பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை அவசியம். குழந்தையைக் கவனிக்கும் அவசரத்தில் அதிகமாக விட்டுப்போவது இதுதான். அது நார்மலாக இருந்தாலும் 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டு பிரஷர் மெஷின் ஒருமுறை 152 காட்டுகிறது, அடுத்த நிமிடமே 130 காட்டுகிறது. மெஷின் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது மெஷினில் இருக்காது. முதலில் கையில் சுற்றும் பட்டையைப் பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் பிரஷர் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேஜைமேல், நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். இப்படிக் காலை, மாலை என 7 நாள் அளந்து, முதல் நாளை ஒதுக்கிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். ஒரே ஒருமுறை அளந்ததை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

கேள்வி: மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்றார்கள். ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார்கள் வீட்டில்.

பதில்: மனசு என்று முடிவு கட்டுவது அவசரம். ஆஞ்சியோகிராமில் தெரிவது இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்கள் மட்டும். அவற்றிலிருந்து பிரியும் மெல்லிய குழாய்கள் தேவைக்கேற்ப விரியாமல் போகலாம். பெரிய குழாயே சில நேரம் சுருங்கிப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டுமே ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். முதல் வகை பெண்களிடம் அதிகம். ‘நுண்குழாய்க் கோளாறோ, குழாய்ச் சுருக்கமோ இருக்கலாமா? அதற்குப் பரிசோதனை உண்டா?’ என்று இதய மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். உண்டு, மருந்தும் உண்டு. வலி எப்போது, என்ன செய்யும்போது, எத்தனை நிமிடம் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பெரிய உதவி.

கேள்வி: மாதவிடாய் நின்றுவிட்டது. இதயத்துக்கு நல்லதென்று ஹார்மோன் மாத்திரையும், தினம் ஒரு ஆஸ்பிரினும் எடுக்கலாமா?

பதில்: இதயத்தைக் காக்க என்று ஹார்மோன் எடுக்கக் கூடாது. உடல் திடீரென்று சூடேறுவது, தூக்கமின்மை ஆகியவற்றுக்காக டாக்டர் தருவது வேறு விஷயம். இதயநோய் இல்லாதவர்கள் தாமாகத் தினமும் ஆஸ்பிரின் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறும். அதைப் பரிசோதிப்பதுதான் இப்போது உங்களுக்கு முக்கியம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு இதயநோய் விழிப்புணர்வு முகாம் நடத்தப் போகிறது. எல்லோருக்கும் இசிஜி எடுக்கலாமா?

பதில்: நல்ல முயற்சி. ஆனால் இசிஜி வேண்டாம். தொந்தரவு இல்லாதவருக்கு எடுக்கும் இசிஜி நார்மல் என்றால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற பொய்யான தைரியம்தான் மிஞ்சும். அந்தப் பணத்தில் மூன்று அளவுப் பட்டைகளோடு பிரஷர் மெஷின்கள் வாங்குங்கள். காத்திருக்க நாற்காலி போடுங்கள். 5 நிமிட ஓய்வு இல்லாவிட்டால் பலருக்குத் தப்பான அளவு வரும். இடுப்பை அளக்க ஒரு திரை மறைவு வேண்டும். 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்லுங்கள். முதல் பதிலில் சொன்ன பிரசவக் கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள்.

துண்டறிக்கையில் ‘பெண்களுக்கு நெஞ்சுவலி வராது’ என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதன்மை. அதோடு மூச்சிரைப்பு, குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, குளிர்ந்த வியர்வை, அடித்துப்போட்டாற்போன்ற அசதி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும். வலியை ‘கேஸ்’ என்று நினைத்து வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவதில்தான் நேரம் போய்விடுகிறது. உடனே ஆம்புலன்ஸ். முதல் இசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மலாக இருந்தாலும், சில மணி நேரத்தில் மறுபடி எடுப்பார்கள். அதுவரை வீட்டுக்குக் கிளம்ப அவசரப்பட வேண்டாம்.

மயங்கி விழுந்து மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை (சி.பி.ஆர்.) கற்றுத்தர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படி விழுந்தவர் பெண் என்றால் தொடத் தயங்கி நின்றுவிடுகிறார்கள். நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வித்தியாசமில்லை. முகாமில் பிரஷர் அதிகம் இருந்தவர்களின் போன் எண்ணை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைத்து, இரண்டு வாரம் கழித்து ‘டாக்டரிடம் போனீர்களா?’ என்று கேட்க இரண்டு பேரை அன்றைக்கே நியமித்துவிடுங்கள்.