மண்புழு இருக்கட்டும், சிலந்தியை எண்ணினீர்களா?

கேள்வி: நெல் நட்டு 25 நாள் ஆகிறது. தண்ணீர் கட்டிய வயலில் தோண்டிப் பார்த்தால் ஒரு மண்புழுகூட இல்லை. முன்பெல்லாம் ராத்திரியில் தவளைச் சத்தம் காதை அடைக்கும், இந்தப் போகத்தில் அதுவும் இல்லை. மண் செத்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது என்றதும் மருந்துக் கடையில் குருணை வடிவப் பூச்சிமருந்து கொடுத்தார்கள், 20ஆம் நாள் போட்டேன். மண்புழு வாங்கி விட்டால் சரியாகுமா? ஏக்கருக்கு எவ்வளவு விட வேண்டும்?

பதில்: மண்புழு வாங்க வேண்டாம். விலைக்குக் கிடைப்பது மண்புழு உரம் தயாரிக்கும் இனம். சாணத்திலும் மக்கும் குப்பையிலும் வாழ்வது அது, சேற்றில் நிலைக்காது. வயல் மண்ணில் வாழும் புழுவும் தண்ணீர் கட்டினால் காற்று கிடைக்காமல் வரப்புப் பக்கம் ஒதுங்கும். ஆகவே நட்ட வயலில் மண்புழு இல்லை என்பதை வைத்து மண் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். அறுவடைக்குப் பிறகு, ஈரம் காய்வதற்குள், ஒரு சாண் ஆழம் வெட்டிப் பாருங்கள். வரப்பிலும் பாருங்கள்.

எனக்குக் கவலை தந்தது தவளையும் குருணையும். தவளையின் தோல் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரில் கரைந்ததையும் சேர்த்து உறிஞ்சும். தலைப்பிரட்டை வாரக்கணக்கில் அதே தண்ணீரில்தான் கிடக்கிறது. தட்டானின் குஞ்சுப் பருவமும் தண்ணீருக்குள்தான். தவளை கத்தாததற்கு மழை தள்ளிப்போனதுகூடக் காரணமாக இருக்கலாம், அதனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் உள்ளே வரும் வாய்மடையில் தலைப்பிரட்டை இருந்து வயலுக்குள் இல்லையென்றால் கோளாறு உங்கள் வயலில். வாய்மடையிலேயே இல்லையென்றால் மேலேயிருந்து வரும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வடிகாலில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அந்தத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. மற்றவை மூச்சு முட்டிப் போன இடத்திலும் அது பிழைத்துக் கிடக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, சிலந்தி எங்கே போயிற்று என்பது. நட்ட வயலுக்கு என்னைக் கேட்டால் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நட்ட புதிதில் மட்கும் தொழுவுரத்தை நம்பிச் சின்னஞ்சிறு கொசு வகைகள் பெருகும். அவற்றைத் தின்று, தூரடியில் சாறு உறிஞ்சிப் பயிரைப் புகைந்ததுபோலக் காயவைக்கும் புகையான் பூச்சி வருவதற்கு முன்பே, அங்கே சிலந்திப் படை திரண்டுவிடும். முதல் 40 நாளில் போடுகிற பூச்சிமருந்து இந்தப் படையைத்தான் முதலில் அழிக்கிறது. புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும்போது பிடித்துத் தின்ன ஆளிருக்காது. மருந்து அடித்த வயல்தான் முதலில் புகைகிறது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இந்தப் பாடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

இலைச்சுருட்டுப் புழுவுக்கு 20ஆம் நாள் மருந்தே தேவையில்லை. அந்த வயதில் பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு ஈடுகட்டிவிடும். வெள்ளையாகச் சுருண்ட இலை கண்ணுக்குப் பயம் காட்டும், அவ்வளவுதான். வயலில் கால் வைக்காமல், நீங்கள் சொன்ன ஒரு வரியைக் கேட்டு மருந்து எடுத்துக் கொடுப்பவர் உங்கள் பயிருக்கு வைத்தியர் அல்ல. அவர் விற்கிறார். விற்பது அவர் தொழில். எப்போது வாங்குவது என்பதை அவர் கையில் விட்டதுதான் தவறு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இனி 40ஆம் நாள் வரை எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். வாரம் ஒரு நாள், வெயில் ஏறுமுன், வரப்போரம் விட்டு உள்ளே இறங்கி 20 குத்துகளை, அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளை, தட்டிப் பாருங்கள். சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு ஒன்று வந்தாலே நடவடிக்கை. அப்போதும் முதலில் தண்ணீரை வடியுங்கள், தழைச்சத்தை நிறுத்துங்கள். வரப்புப் புல்லைக் களைக்கொல்லி அடித்துக் கருக்காதீர்கள், சிலந்தி வயலுக்குத் திரும்பி வருவது அங்கிருந்துதான். மூன்று வாரக் கணக்கை எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.