பெட்ரோலோடு தொட்டியை இறக்காதீர்கள்
நண்பரே, கார் ஸ்டார்ட் ஆகவில்லை, 30 லிட்டர் பெட்ரோல் இருக்கும்போதே தொட்டியை இறக்கி, அதனுள் இருக்கும் எரிபொருள் பம்பை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பெட்ரோல் மட்டுமே சுமார் 22 கிலோ. ஜாக்கின் மேல் அது அலைந்தால் தொட்டி சாய்ந்துவிடும்.

முதலில் பம்பின் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) இரண்டையும் சோதியுங்கள். பம்புக்கு 12 வோல்ட் வராவிட்டால் குறை பம்பில் இல்லை. பிறகு பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். பல கார்களில் அதனடியில் ஒரு மூடி இருக்கும். அதன் வழியே பம்பை எடுத்துவிடலாம்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால், திறந்தவெளியில், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பெட்ரோலைக் கைப்பம்பால் கேனில் எடுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், தயவுசெய்து! காரைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல் அடியில் படுக்கவும் வேண்டாம். பம்பின் ரப்பர் வளையத்தைப் புதிதாகவே போடுங்கள், பழையது கசியும்.