கோழி முட்டை போட ஆரம்பிச்சிருச்சு, மாட்டை மேய்ச்சலுக்கு விடலாமா?

கேள்வி: குளிர் முழுக்க எல்லாத்தையும் கொட்டகையிலயே கட்டி வெச்சிருந்தோம். இப்போ கோழிங்க மறுபடி முட்டை போடுது, குதிரைக்கு முடி கொத்துக் கொத்தா உதிருது, தேன் பெட்டி வாசல்ல தேனீ பறக்குது, நிலத்துல லேசா பச்சையும் தெரியுது. காய்ஞ்ச புல்லு தீரப்போற நிலைமை. ஒரு கறவை மாடு, நிறைசினையா ரெண்டு ஆடு இருக்கு. வசந்தம் வந்தாச்சுன்னு வெளிய ஓட்டிரலாமா?

பதில்: இன்னும் கொஞ்சம் பொறுங்க. நீங்க சொன்ன அறிகுறி எல்லாம் நிஜம்தான், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தைச் சொல்லுது. கோழியும் குதிரையும் பகல் நீளுறதைத்தான் கணக்கு வெச்சிருக்கு. கோழிக்கு வெளிச்சம் கண்ணு வழியா மட்டும் இல்ல, மண்டை ஓட்டைத் தாண்டியே மூளைக்குப் போகும், அதனால வெளிய உறைபனி கொட்டிட்டு இருந்தாலும் பகல் நீண்டா அது முட்டைக்கு வந்துரும். குதிரை முடி கொட்டுறதும் அப்படித்தான், வருஷத்துலயே நீளமான ராத்திரி தாண்டின கொஞ்ச நாள்லயே உள்ளுக்குள்ள வேலை ஆரம்பிச்சிரும். இதை வெச்சு குளிர் போயிருச்சுன்னு முடிவு பண்ண முடியாது, குளிர் ரெண்டு மூணு தடவை திரும்பி வந்துட்டுத்தான் போகும்.

மேய்ச்சலைப் பொறுத்தவரைக்கும் மண்ணு சொல்றதைத்தான் கேக்கணும். மண்ணு சூடு 5, 6 டிகிரியைத் தாண்டினாத்தான் புல்லு ஒழுங்கா வளர ஆரம்பிக்கும், ஒரு தெர்மாமீட்டரை காலைல 10 செ.மீ. ஆழத்துல குத்தி நாலஞ்சு நாள் தொடர்ந்து பாருங்க. இப்போ தெரியுற பச்சை போன வருஷம் வேர்ல சேத்து வெச்ச சத்துல முளைக்கிறது, அதை இப்பவே கடிக்க விட்டா வேரு களைச்சுப் போய் வருஷம் முழுக்க அந்த நிலம் தேறாது. பொதுவா ஒரு சாண் உயரமாவது வரட்டும். இன்னொண்ணு, நிலத்துல நடந்து பாருங்க, உங்க காலே புதையுதுன்னா மாட்டுக் குளம்பு மொத்தத்தையும் சேறாக்கிரும், அந்தச் சேத்துலதான் குளம்பு அழுகலும் வரும்.

விடுற அன்னிக்கும் பசியோட விடாதீங்க. வயிறு நிறைய காய்ஞ்ச புல்லு போட்டுட்டு முதல் நாள் அரை மணி, ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, ஏன்னா வயித்துல இருக்கிற நுண்ணுயிர் எல்லாம் இத்தனை மாசம் காய்ஞ்ச தீனிக்குப் பழகிருச்சு, இளம்புல்லோ பெரும்பகுதி தண்ணிதான், திடீர்னு மாத்தினா கழியும், வயிறு உப்பும்.

கறவை மாட்டுக்குத்தான் நான் ரொம்ப பயப்படுவேன். வேகமா வளர்ற இளம்புல்லுல மெக்னீசியம் கம்மி, மாட்டு உடம்பும் அதைச் சேத்து வெச்சு தேவைப்படும்போது எடுத்துக்காது, அன்னன்னிக்குத் தின்னாத்தான் உண்டு, பால்லயோ தினமும் வெளிய போயிட்டே இருக்கு. நல்லா மேய்ஞ்சிட்டு இருந்த மாடு காதை விறைச்சுக்கிட்டு, தோல் துடிக்க, சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு, தள்ளாடினா அது அவசரம், ஒரு நிமிஷம் கூட யோசிக்காம டாக்டரைக் கூப்பிடுங்க, சில மணி நேரத்துல மாடே போயிரும். மேய்ச்சலுக்கு விடுறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே மெக்னீசியம் உள்ள தாது உப்பு குடுக்க ஆரம்பிச்சிருங்க, பொட்டாஷ் உரம் போட்ட நிலமா இருந்தா இன்னும் கவனம்.

குதிரைக்கு ஆபத்து வேற மாதிரி. ராத்திரி உறைபனி, பகல்ல நல்ல வெயில்னா புல்லு வளராம சர்க்கரையை மட்டும் சேத்து வெச்சுக்கும், அந்த மாதிரி நாள்ல மேய்ஞ்சா, முக்கியமா குண்டு குதிரைக்கு, குளம்புக்குள்ள வீக்கம் வந்து நடக்க முடியாம நின்னுரும். அந்த நாள்ல உள்ளயே கட்டுங்க.

தேன் பெட்டியை பின்பக்கமா லேசா தூக்கிப் பாருங்க. தேனீ கால்ல மகரந்தம் ஒட்டியிருந்தா உள்ள புழு வளர்ப்பு நடக்குதுன்னு அர்த்தம், தீனி வேகமா காலியாகுற நேரமே இதுதான். பெட்டி வெயிட்டே இல்லன்னா சர்க்கரைக் கட்டி வைங்க, குளிர்ல பாகு வேணாம்.

ஆடுங்க ரெண்டும் உள்ளயே இருக்கட்டும். சினையாகி 150 நாள் கணக்கு, தேதி தெரியலன்னா மடி இறுகுறதையும் வால் அடியில ரெண்டு பக்கமும் குழி விழறதையும் பாருங்க. துள்ளுமாரிக்கு (குடல்ல கிருமி பெருகி விஷமாகுற நோய்) தடுப்பூசி போடலன்னா டாக்டர்கிட்ட இன்னிக்கே கேளுங்க, ஈனுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி போட்டாத்தான் சீம்பால் வழியா குட்டிக்குப் பாதுகாப்பு முழுசா போகும். குட்டி விழுந்ததும் தொப்புளை அயோடின்ல முக்குங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போயிரணும். வறண்ட குளிரை குட்டி தாங்கிரும், ஈரமும் காத்தும் சேந்தாத்தான் கொல்லும். சோர்ந்து கிடக்கிற குட்டியோட வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா உடனே பாலை ஊத்தாதீங்க, முழுங்கத் தெம்பு இல்லாம நுரையீரலுக்குப் போயிரும், முதல்ல துடைச்சு சூடு காட்டி, அது தலையைத் தூக்கி நிமிர்ந்து உக்காந்த அப்புறம் குடுங்க.