சுண்டெலி மூளையும் மஞ்சள் நிறமும்

கேள்வி: சுண்டெலி மூளையில் 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்ற புரதத்தை அளக்கிறார்களாமே, எப்படி?

பதில்: பன்னிரண்டு வருஷம் எனக்கு அதுதான் வேலை. அளவு பிகோகிராமில் வரும். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று. மூளைத் துண்டைப் பனிக்கட்டியில் வைத்தே அரைக்க வேண்டும்; சூடு பட்டால் புரதம் சிதைந்துவிடும். சாற்றை 96 குழிகள் உள்ள தட்டில் விடுவோம். குழியின் அடியில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். மேலே இன்னொரு எதிர்ப்பொருள், கடைசியில் நிறம் தரும் கரைசல். நீலம் படரும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம்.

இந்தப் புரதத்தைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி, இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி காலத்தில் யூதர் என்பதால் வேலை பறிபோய், படுக்கையறையிலேயே கோழிக்கருவை ஆராய்ந்தவர். 1986-இல் நோபல் பெற்றார். அவர் கதையைச் சொன்ன பிறகே மாணவர்களிடம் தட்டைக் கொடுப்பேன்.