பதினான்கு பிள்ளைகளின் பள்ளி

கேள்வி: தமிழகப் பொருளாதாரம் 2024-25இல் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது. வளர்ச்சியைத் தொழிலும் வியாபாரமும் பார்த்துக்கொள்ளும். அரசு செலவைக் குறைத்தாலே போதும். எங்கள் ஹட்டிப் (படகர் மலைக்கிராமம்) பள்ளியில் 14 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். அதை மூடிப் பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் சேர்த்தால் வரிப்பணம் மிச்சமாகாதா?
– ஒரு வாசகர், கோத்தகிரி வட்டம்

பதில்: மிச்சமாகாது. அரசின் கணக்கிலிருந்து இறங்கும் செலவு பெற்றவர்களின் தலையில் ஏறும். பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்ப ஜீப் வாடகை வேண்டும். வண்டி வராத நாளில் கூட்டிக்கொண்டு போகும் அம்மாவுக்கு அன்றைய இலைப் பறிப்புக் கூலி போகும். உங்கள் கணக்கில் இவை எதுவும் இல்லை.

இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தை 14ஆல் வகுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அதே வகுத்தலை உங்கள் ஹட்டிக்கு வரும் தார்ச்சாலைக்கும் போட்டுப் பாருங்கள். மழைக்கு மழை மண் சரிகிறது, தடுப்புச்சுவர் கட்டுகிறோம், மறுபடி தார் போடுகிறோம். நாளுக்கு எத்தனை வண்டி போகிறது என்று எண்ணிவிட்டு அந்தச் சாலையை மூடச் சொல்ல உங்களுக்கும் மனம் வராது, எனக்கும் வராது. மலையில் சாலை, குடிநீர், மின்கம்பம் எதுவானாலும் தலைக்குச் செலவு கூடத்தான் செய்யும். பள்ளிக்கு மட்டும் ஏன் சமவெளிக் கணக்கு?

60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் வைத்த அளவு. அந்த இரண்டு பேர்தான் ஐந்து வகுப்புகளையும் நடத்துகிறார்கள். தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள் என்பது பொது விதி; மண்சரிவு ஆபத்து, சாலையில்லாமை உள்ள இடங்களில் அந்தத் தொலைவையும் குறைக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகளிலேயே இருக்கிறது. பனிமூட்டத்தில் தேயிலைக்காட்டுப் பாதையின் வளைவில் காட்டெருமை நின்றால் ஏழு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் ஒதுங்கும்? நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் ஏன் 14 ஆனார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2001இல் 7,62,141, 2011இல் 7,35,394. பத்தாண்டில் 26,747 பேர் குறைந்தோம். பச்சைத் தேயிலைக்கு விலை கட்டாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிய குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். இருக்கிற பள்ளியையும் மூடினால், தோட்டத்தை விட மனமில்லாமல் தங்கியிருப்பவர்களும் மூட்டை கட்டுவார்கள். அப்புறம் ஹட்டியில் வளர்ச்சி யாருக்காக?

சிறிய பள்ளிகளுக்குப் பணம் கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 1,000 பேருக்கு மேல் என்றால் 1 லட்சம். சாக்பீஸ், குழாய், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் அந்தப் பத்தாயிரத்துக்குள். நம் மழையில் ஒரு பருவம் போனால் சுவரெல்லாம் பாசி. கூரைக்கும் சுவருக்கும் நனைவது நனைவதுதான், உள்ளே 14 பேர் உட்கார்ந்தாலும் 140 பேர் உட்கார்ந்தாலும். தலை எண்ணித் தரும் இந்த முறை மலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. 2024-25க்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வரிப்பணத்தைப் பற்றிக் கோபப்பட வேண்டுமானால் அங்கே கோபப்படுங்கள். உங்கள் வரியும் அதில் இருக்கிறது.

ஒரே சரிவில், கூப்பிடு தூரத்தில் இரண்டு பள்ளிகள் இருந்தால் சேர்க்கட்டும். அதை நான் எதிர்க்க மாட்டேன். உங்கள் பள்ளி அப்படியா என்பதை நடந்து பார்த்துச் சொல்லுங்கள், ஒரு மழைநாள் காலையில், ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. பிறகு ஜனவரி 26 கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: மலைப்பள்ளிகளின் மானியத்தைக் கட்டடத்தையும் மழையையும் பார்த்துத் தர வேண்டும் என்று. நகலை அனுப்பினால் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.