விழித்திரையின் மின்னலைகளும் மருந்துகளும்: கேள்வி பதில்

ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.ஆர்.ஜி. பரிசோதனை அறையில் வேலை செய்பவன் நான். விழித்திரையின் மின்னலைகளை மருந்துகளும் பிற ரசாயனங்களும் எப்படி மாற்றுகின்றன என்பது வரைக்கும் பதில் சொல்கிறேன். மருந்தை மாற்றலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏ.பி.பி. என்ற ரசாயனத்தை விழித்திரையில் சேர்த்தால், இ.ஆர்.ஜி. பதிவில் முதலில் வரும் ஏ அலை இருக்க, அடுத்து வரும் பி அலை மட்டும் மறைவது ஏன்? (உடலியங்கியல் மாணவி)

அருமையான கேள்வி. ஒளி ஏற்பி செல்கள் இருட்டில்தான் குளுட்டமேட் என்ற, செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் ரசாயனத்தை விடாமல் சுரக்கின்றன. வெளிச்சம் பட்டதும் சுரப்பு குறைகிறது. அந்த மாற்றத்தில் ஒளி ஏற்பிகளிடமிருந்து வருவது ஏ அலை. அடுத்த வரிசையில் இருக்கும் ‘ஆன்’ இருமுனை செல்களின் வாயில்களை குளுட்டமேட் மூடியே வைத்திருக்கும். அது குறைந்ததும் வாயில்கள் திறந்து பி அலை எழும்புகிறது. ஏ.பி.பி. அங்கே குளுட்டமேட்டைப் போலவே நடிக்கிறது. வெளிச்சம் வந்த பிறகும் அந்த செல்லுக்கு இருட்டுதான். ஒளி ஏற்பிகளுக்கு ஒன்றும் ஆகாததால் ஏ அலை அப்படியே நிற்கும். ஸ்லாட்டரும் மில்லரும் 1981-இல் ஒருவகை சாலமாண்டரின் விழித்திரையில் இதைக் காட்டினார்கள்.

அதற்கும் முன்பே, 1933-இல், விழித்திரை ஆய்வாளர் கிரானிட் பூனைகளுக்கு ஈதர் மயக்கத்தை ஆழமாக்கிக்கொண்டே போய், இ.ஆர்.ஜி.யின் கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைவதைப் பதிவு செய்தார். மறைந்த வரிசையிலேயே பி-1, பி-2, பி-3 என்று பெயரிட்டார் (இது ஆங்கில P; மேலே சொன்ன பி அலையின் b அல்ல). எந்த அலை போனது என்று பார்த்தால் எந்த செல் பாதிக்கப்பட்டது என்று தெரியும். எங்கள் வேலை முழுக்க இதில்தான் நிற்கிறது.

முடக்குவாதத்துக்கு மூன்று வருடமாக ஹைட்ராக்சிகுளோரோகுயின். சாதாரண இ.ஆர்.ஜி. சரியாக இருக்கிறது. போதுமா?

போதாது. அது விழித்திரை முழுவதின் கூட்டுத்தொகை. இந்த மருந்தின் பாதிப்பு பெரும்பாலும் மையத்தைச் சுற்றி வளையமாகத் தொடங்கும். ஆசியர்கள் பலருக்கு இன்னும் சற்று வெளியே. அந்தச் சிறு இழப்பு கூட்டுத்தொகையில் தெரியாது. விழித்திரையை இடம் இடமாக அளக்கும் மல்டிஃபோக்கல் இ.ஆர்.ஜி., அதன் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி., பார்வைப்புலச் சோதனை ஆகியவைதான் உதவும். தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் வருடத்துக்குள் ஒரு பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நானும் அதே மாத்திரைதான், ஆறு மாதமாக.

மேலே சொன்னதே.

அஜினோமோட்டோ விழித்திரையை அழிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அஜினோமோட்டோ என்பது குளுட்டமேட்டின் உப்பு. அந்தச் செய்தியின் மூலம் ஓர் உண்மையான ஆய்வு. 1957-இல் லூகாஸும் நியூஹவுஸும் பிறந்து சில நாளே ஆன சுண்டெலிகளுக்கு குளுட்டமேட்டை ஊசியாகப் போட்டார்கள். விழித்திரையின் உள்ளடுக்குகள் அழிந்தன. ஆனால் அது ஊசி, அதுவும் குட்டிகளுக்கு. நாம் சாப்பிடும் குளுட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடல் செல்களே செலவழித்துவிடுகின்றன.

(வேறொருவர்) 2002 ஜப்பான் ஆய்வில் எலிகளுக்கு உணவில்தானே கொடுத்தார்கள்? இ.ஆர்.ஜி.யும் குறைந்ததே!

ஆமாம், குறைந்தது. விழித்திரையும் மெலிந்தது. ஆனால் கொடுத்த அளவு மிக அதிகம், அதுவும் மாதக்கணக்கில். சமையலில் ஒரு சிட்டிகை போடுபவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

(அவரே) அப்படியென்றால் அது நஞ்சா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஒரே சொல்லில் சொன்னால் பொய்யாகிவிடும். உங்கள் விழித்திரை இந்த நிமிடமும் குளுட்டமேட்டால்தான் வேலை செய்கிறது. தக்காளியிலும் அது இருக்கிறது. எவ்வளவு, எந்த வழியாக, எந்த வயதில் என்று கேட்காமல் எந்தப் பொருளையும் நஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன்.

காசநோய்க்கு எதாம்பியூட்டால். இ.ஆர்.ஜி. எடுக்கட்டுமா?

அது முக்கியமாகத் தாக்குவது பார்வை நரம்பை. அதனால் பார்க்க வேண்டியவை பார்வைக் கூர்மை, நிறப்பார்வை, தேவைப்பட்டால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சைகையை அளக்கும் வி.இ.பி. சோதனை. பார்வை மங்கினாலோ சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கைக்குழந்தைக்கு வலிப்புக்காக விகாபாட்ரின். பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது அம்மா. இந்த மருந்து காபா என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. மூளையில் காபா கூடி வலிப்பு அடங்குகிறது. விழித்திரையிலும் அது கூடுகிறது. சிலருக்குப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும், பெரும்பாலும் அது திரும்பாது. கைக்குழந்தைக்குப் பார்வைப்புலச் சோதனை செய்ய முடியாது. அதனால்தான் நொடிக்கு 30 முறை மினுக்கும் ஒளியில் இ.ஆர்.ஜி. எடுத்து, முந்தைய பதிவுகளோடு ஒப்பிடுகிறோம். எல்லாப் பதிவுகளையும் பத்திரமாக வையுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். கட்டாயம் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் நான்கு வருடம்...

தயவுசெய்து இரண்டாவது பதிலை முழுதாகப் படியுங்கள்.

சில்டெனாஃபில் (வயாகரா) எடுத்தால் எல்லாம் நீலமாகத் தெரிகிறது.

அது ஒளி ஏற்பிகளில் ஒளியைச் சைகையாக மாற்ற உதவும் பி.டி.இ.6 என்ற நொதியையும் சற்றுத் தடுக்கிறது. பொதுவாகச் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். குடும்பத்தில் யாருக்காவது மாலைக்கண்ணோடு வரும் பரம்பரை விழித்திரை நோய் இருந்தால், அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென ஒரு கண்ணில் பார்வை போனால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.