ஹைப்ரிட் தூண்டில் நரம்பு: லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஒரே ஒரு ராடும் ஸ்பின்னிங் ரீலும் வைத்துக்கொண்டு, ஏரியிலும் பாறைகள் நிறைந்த ஆற்றோரத்திலும் மீன் பிடிக்கிறேன். இதுவரை மோனோ நரம்புதான். இப்போது கடையில் ஹைப்ரிட் (கலப்பு) நரம்பைக் காட்டி, மோனோவின் மென்மையும் ஃப்ளோரோகார்பனின் மறைவும் இதில் ஒன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள். விலை மோனோவைவிடக் கூடுதல், ஃப்ளோரோகார்பனைவிடக் குறைவு. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொன்னதில் முன்பாதி உண்மை. பின்பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மோனோ என்பது பெரும்பாலும் நைலான். அது மென்மையானது, முடிச்சு நன்றாக இறுகும், மீன் திடீரென்று இழுக்கும்போது நீண்டு கொடுத்து முள் பிய்ந்து வராமல் காக்கும். நீரை உறிஞ்சிக்கொள்வது அதன் குறை. நனைந்தபின் வலுவில் கணிசமான பங்கை இழந்துவிடும், வெயிலிலும் நைந்துபோகும். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த ஃப்ளோரோகார்பன் நரம்போ நீரை உறிஞ்சாது, வெயிலைத் தாங்கும், பாறையில் உரசினாலும் எளிதில் அறுந்துவிடாது. ஆனால் விறைப்பானது. ஸ்பின்னிங் ரீலில் நிறையச் சுற்றிவிட்டால், வீசும்போது சுருள் சுருளாகத் துள்ளி விழுந்து சிக்கலாகிவிடும். உங்களைப் போல ஸ்பின்னிங் ரீல் மட்டும் வைத்திருப்பவருக்கு ஹைப்ரிட் பொருந்துவதற்கு முதல் காரணம் இந்தச் சிக்கல்தான். நைலானின் மென்மை அதில் பெருமளவு தங்கியிருக்கும், உரசலைத் தாங்கும் திறனும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

மறைவு என்பது வேறு கதை. ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்குச் சுமார் 1.53. நீரின் எண்ணுக்கு அருகில் இருப்பதால்தான் ஃப்ளோரோகார்பன் நீருக்குள் மங்கலாகத் தெரிகிறது. ஹைப்ரிட்டின் மேற்பரப்பு ஃப்ளோரோகார்பனாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நைலானின் மீது ஒளி பட்டுத் திரும்பவே செய்யும். எனவே மோனோவைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், அவ்வளவுதான். தெளிந்த நீரில் மறைவுதான் முக்கியம் என்றால், ரீல் முழுவதும் ஹைப்ரிட்டைச் சுற்றி, நுனியில் மட்டும் ஒரு மீட்டர் அளவுக்கு உண்மையான ஃப்ளோரோகார்பனை லீடராக இணைத்துக்கொள்ளுங்கள்; செலவும் குறையும், பலனும் கூடும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ‘ஹைப்ரிட்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. யோ-சூரி ஹைப்ரிட் போன்றவற்றில் நைலானும் ஃப்ளோரோகார்பனும் தயாரிப்பின்போதே ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. பி-லைன் ஃப்ளோரோகிளியர் போன்றவற்றில் கோபாலிமர் நரம்பின்மேல் ஃப்ளோரோகார்பன் பூச்சு மட்டும் இருக்கிறது. வெறும் கோபாலிமர் என்றால் அது இருவகை நைலான் சேர்ந்த கலவை. அதில் ஃப்ளோரோகார்பன் துளியும் இல்லாமல் இருக்கலாம். பெட்டியின் முன்பக்கத்தில் ‘ஃப்ளோரோ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு, ‘பூசப்பட்டது’ என்பதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் வழக்கம் இருப்பதால், பெட்டியைத் திருப்பிப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் உப்புநீரே போதும். உப்பு இனிமேல் கரையாமல் அடியில் தங்கும்வரை நீரில் போட்டுக் கலக்குங்கள். அந்தக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2 ஆகிவிடும். நைலானின் அடர்த்தி 1.14, ஃப்ளோரோகார்பனுடையது 1.78. விரற்கடை நீளத்துக்கு நரம்பை நறுக்கி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி சோப்புநீர் தொட்ட விரலால் உருவிவிட்டு, கரைசலுக்குள் அமிழ்த்தி விடுங்கள். நைலான் மேலே வந்துவிடும். ஃப்ளோரோகார்பன் நேராக அடிக்குப் போகும். ஹைப்ரிட் மிதந்தால், அதில் ஃப்ளோரோகார்பனின் பங்கு மிகக் குறைவு என்று புரிந்துகொள்ளலாம். நூறு சதவீத ஃப்ளோரோகார்பன் என்று விற்கப்பட்டது மிதந்தால், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கேள்வி: எட்டு பவுண்டு (அறுந்துவிடாமல் தாங்கும் எடை) ஹைப்ரிட் வாங்கினேன். பழைய எட்டு பவுண்டு மோனோவைவிடத் தடிமனாக இருக்கிறது, ஸ்பூலில் குறைந்த நீளமே கொள்கிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. பவுண்டுக் கணக்கை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகப் போடுகிறார்கள். சிலர் நரம்பு உண்மையில் தாங்கும் எடையைவிடக் குறைத்தே அச்சிடுகிறார்கள். ஹைப்ரிட்டில் இது அடிக்கடி காணப்படுகிறது. அத்தகைய நரம்பு தடிமனாக இருக்கும், ஆனால் எட்டு பவுண்டுக்கு மேலும் தாங்கும். மீன்பிடிப்பில் உலகச் சாதனைகளைப் பதிவுசெய்யும் ஐஜிஎஃப்ஏ அமைப்பு, லேபிளை நம்பாமல், நரம்பை நனைத்தே சோதிக்கிறது என்பதிலிருந்தே லேபிளின் மதிப்பு விளங்கும்.

ஆகவே மில்லிமீட்டரை வைத்தே ஒப்பிடுங்கள். நீங்கள் பயன்படுத்திய மோனோ 0.25 மி.மீ. என்றால், அதே விட்டத்தில் உள்ள ஹைப்ரிட்டை எடுத்தால்தான் வீசும் தூரமும் ஸ்பூலில் கொள்ளும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். விட்டம் அச்சிடப்படாத பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்; விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

கேள்வி: ஹைப்ரிட் வேண்டாம் என்று எப்போது சொல்வீர்கள்?

பதில்: நீர்ப்பரப்பில் மிதக்கும் லூரை (செயற்கை இரையை) பயன்படுத்துபவர் மோனோவோடே இருக்கலாம், கனமான நரம்பு மெல்ல அமிழ்ந்து லூரின் மூக்கைக் கீழே இழுக்கும், ஹைப்ரிட்டிலும் அந்தக் குணம் ஓரளவு உண்டு. அடிமண்ணில் லூரை உருட்டி, மீன் தொடுவதை விரலால் உணர வேண்டியவருக்கு முழு ஃப்ளோரோகார்பனே ஏற்றது. ஏற்கெனவே பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த) நரம்பும் ஃப்ளோரோகார்பன் லீடரும் வைத்திருப்பவர், என் கருத்தில், இதற்குப் பணம் செலவிட வேண்டியதே இல்லை.

கேள்வி: விலை கூடுதல் என்பதால் ஹைப்ரிட் அதிக நாள் உழைக்குமா?

பதில்: மோனோவைவிடக் கொஞ்சம் உழைக்கும், ஃப்ளோரோகார்பன் அளவுக்கு உழைக்காது. உள்ளே இருப்பது நைலான் என்பதால் வெயிலும் வெப்பமும் அதையும் தாக்கும். கடையின் கண்ணாடி ஜன்னலில் வெயில் பட்டுக் கிடந்த ஸ்பூலைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கியபின், ஒவ்வொரு முறை கரைக்குப் போகும்போதும் முதல் இரண்டு மீட்டரை விரல் நகத்துக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் உருவிப் பாருங்கள். சொரசொரப்போ வெண்மையான கீறலோ தென்பட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ நீராலோ நனைக்க வேண்டும்; உராய்வுச் சூட்டில் முடிச்சு வலுவிழப்பது ஃப்ளோரோகார்பனிடமிருந்து ஹைப்ரிட்டுக்கும் வந்த குணம். வெட்டியெடுத்த துண்டுகளைக் கரையில் விடாமல், சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். நீளமாகக் கிடந்தால் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.